ஆலோசனை சொல்லப் புறப்படும் சகோதரிகளுக்கு

பட்டப்படிப்பை முடித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணி, அரச உத்தியோகம் என்ற இரண்டு வாசல்களே எமது சமூகத்தில் நீண்ட காலமாகத் திறந்திருந்தன. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வாதாரத் திட்டங்கள் பல நடைமுறைக்கு வந்தபோது மூன்றாவது வாசல் ஒன்றும் மெல்லத் திறந்தது. சிறு தொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு, விலை, சந்தை, கடன் என்பன பற்றி வழிகாட்டும் வியாபார ஆலோசகர் வேலையே அது. முகாமைத்துவம், வணிகம், பொருளியல், சமூகவியல் படித்த எமது சகோதரிகள் பலர் இன்று சில கிழமைகளுக்கோ சில மாதங்களுக்கோ ஒப்பந்தம் செய்துகொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருகிறார்கள்.

இவ்வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. எவ்வளவு கேட்பது? எங்கே தங்குவது? முதல் நாள் என்ன பேசுவது? இவை சில்லறைக் கேள்விகள் போலத் தோன்றினாலும் வேலையின் தரம் இவற்றில்தான் தங்கியிருக்கிறது. கடைசி பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பவரால் எதிரில் இருக்கும் பெண்ணின் கதையை முழுமையாகக் கேட்க முடியாது. கேளாமல் சொன்ன ஆலோசனையின் பலனைச் சுமப்பவளோ அந்த வீட்டுக்காரிதான். ஆலோசகர் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஆகவே ஒப்பந்தம், பிரயாணம், வேலை ஆகிய மூன்றையும் இம்மாதம் சேர்த்தே பார்ப்போம்.

கையெழுத்திட முன்னர்

ஒப்பந்த ஆலோசகர் ஓர் ஊழியர் அல்லர் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஊழியராக இருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துவார். பிரசவ விடுமுறையாக 84 வேலை நாட்கள் கிடைக்கும். ஒப்பந்த ஆலோசகருக்கு இவை எதுவும் இல்லை. எனவே நாட்கட்டணம் மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது.

அதிகம் ஏமாற்றம் தருவது நாட்களைக் கணக்கிடும் விதமாகும். ஒரு நாளைக்கு 9,000 ரூபா வீதம் ஐந்து நாள் களவேலை என்று ஒப்பந்தம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 45,000 ரூபா. போகவும் வரவும் இரண்டு நாட்கள், அறிக்கை எழுத இரண்டு நாட்கள் என்று சேர்த்தால் உழைத்த நாட்கள் ஒன்பதாகின்றன. அப்போது ஒரு நாளின் கட்டணம் 5,000 ரூபாதான். பிரயாண நாளுக்கும் அறிக்கை நாளுக்கும் கட்டணம் உண்டா என்பதைத் தயக்கமின்றிக் கேளுங்கள். காசு பற்றிப் பேசுவது பெண்களுக்கு அழகல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிறருக்கு விலை கணிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர் தன் உழைப்பின் விலையைக் கேட்கக் கூச்சப்படலாமா?

பிரயாணச் செலவு, தங்குமிடம், சாப்பாட்டுப் படி என்பன கட்டணத்துக்குள் அடங்குகின்றனவா, தனியாகத் தரப்படுகின்றனவா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தனியாக என்றால் முற்பணம் கேளுங்கள். சொந்தக் காசைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க எல்லோராலும் இயலாது. உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தால், கட்டணத்தைத் தீர்மானிக்கும்போது அதையும் செலவாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வரி விடயமும் உண்டு. 2023 ஜனவரி முதல், ஆலோசகர்கள் போன்ற சுயாதீனமாகச் சேவை வழங்கும் தனிநபருக்கு மாதமொன்றில் 100,000 ரூபாவுக்கு மேற்படும் கட்டணத்தில் 5 சதவீதத்தைக் கொடுப்பவரே வரியாகப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிடித்த தொகைக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வருட வரிக் கணக்கில் அதனைக் கழித்துக்கொள்ளலாம்.

புறப்பட முன்னர்

போகும் ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். போயா நாளில் பிரதேச செயலகம் பூட்டியிருக்கும். பெரும்போக அறுவடைக் காலத்தில் வன்னியிலும் படுவான்கரையிலும் பெண்கள் வயலில் இருப்பார்கள். கருவாடு போடும் பெண்ணைக் காலையில் தேடினால் அவர் கரையில் நிற்பார். முஸ்லிம் கிராமங்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைப்பது பொருத்தமல்ல. தோட்டத்துச் சகோதரிகளைக் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரே சந்திக்கலாம். அப்போதும் அவர்களுக்கு அடுப்பு வேலை காத்திருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் உள்வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். உங்களுக்கு வசதியான நாளை ஊரின் மேல் சுமத்தினால் வந்து இருப்பவர்கள் கேட்பதற்காக வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

முன்கூட்டியே பேச வேண்டியவர்கள் சிலர் உள்ளனர்: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. நீங்கள் திரும்பிய பின்னரும் அங்கே இருக்கப்போகிறவர்கள் இவர்களே.

பையில் இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, நிறுவனத்தின் கடிதம் (தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது), சில்லறைக் காசு, ரசீதுகள் போட ஓர் உறை, குடை, தண்ணீர்ப் போத்தல், சிறிய டோர்ச், தொலைபேசிக்கான மின்சேமிப்புக் கருவி, மாதவிடாய்க்குத் தேவையானவை, வழக்கமாக எடுக்கும் மருந்துகள். மடிக்கணினியைக் கிராமத்துக்குள் கொண்டுபோக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. திரையைப் பார்த்துப் பேசுபவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை. கொப்பியும் பேனையும் போதும்.

வழியிலும் தங்குமிடத்திலும்

இரவு பஸ்ஸில் போய் விடிகாலையில் இறங்கி நேரே வேலைக்குப் போனால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்று பலர் எண்ணுகிறார்கள். தூக்கமில்லாத தலையோடு பத்துக் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்க முடியாது. இயலுமானவரை பகலில் பிரயாணம் செய்து, முதல் நாள் மாலையே போய்ச் சேருங்கள். எங்கே இறங்குகிறீர்கள், யார் அழைத்துச் செல்வார் என்பதை வீட்டிலும் அலுவலகத்திலும் ஒவ்வொருவரிடம் சொல்லி வையுங்கள். முச்சக்கரவண்டியில் ஏறும்போது இலக்கத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

பஸ்ஸில் தொந்தரவு செய்பவனைச் சகித்துக்கொண்டு போவதுதான் பெண்ணின் விதி என்று எண்ண வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். பொலிஸ் அவசர அழைப்பு 119. மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இரண்டையும் தொலைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

தங்குவதற்குத் துறவற சபைகளின் இல்லங்கள், பயிற்சி நிலையங்கள், முன்பு போனவர்கள் தங்கிய வீடுகள் என்பவற்றை விசாரியுங்கள். நீங்கள் ஆலோசனை சொல்லப்போகும் பெண்ணின் வீட்டில் தங்குவதைத் தவிருங்கள். உங்களுக்காக அவர் கோழி வாங்குவார், கட்டிலை விட்டுக் கொடுப்பார். அதன் பின்னர் "அக்கா, உங்கட கணக்கில பிழை இருக்கு" என்று சொல்ல உங்களுக்கு நா எழாது. தேநீரை மறுக்க வேண்டாம். வழியனுப்பும்போது அன்பாகத் தரும் மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் விலையைக் கொடுத்துவிடுங்கள். அவர் விற்கிற பொருள் அது.

பையோடு வெளியூர் போகும் ஆணை "உத்தியோகத்தர்" என்று பார்க்கும் அதே ஊர், பையோடு போகும் பெண்ணை "எங்கே போய் வருகிறாள்?" என்று பார்க்கிறது. இந்தப் பார்வை ஒரு நாளில் மாறாது. எங்கே, யாருடன், எதற்காக என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசி, வீட்டாரை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வது அரைவாசிச் சுமையைக் குறைக்கும்.

முதற் சந்திப்பு

முதல் நாள் ஆலோசனை எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்? விறகை யார் கொண்டு வருகிறார்? பாடசாலை விட்டு வந்த மகள் பொதி செய்கிறாளா? விற்ற காசு யார் கையில் போகிறது? குடும்பத்தின் கூலியில்லா உழைப்பு வரவு செலவுக் கொப்பியில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதைக் காணாதவர் இல்லாத இலாபத்தைக் கண்டுவிடுவார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மிளகாய்த்தூள் விற்கும் ஒரு சகோதரி கிழமைக்கு 10 கிலோ தயாரித்து, 100 கிராம் பொதி 160 ரூபா வீதம் 100 பொதிகள் விற்கிறார். வரவு 16,000 ரூபா. செத்தல் மிளகாயும் மல்லியும் 12,000, ஆலையில் அரைக்கும் கூலி 800, பொதியும் முத்திரைத்தாளும் 700, பஸ் 500 என்று செலவு 14,000 ரூபா. மிச்சம் 2,000. காயவைத்தல், வறுத்தல், பொதி செய்தல், கடைகளுக்குக் கொண்டுபோதல் எல்லாவற்றுக்கும் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்றால் அவரது உழைப்பின் விலை மணிக்கு 100 ரூபாதான்.

அவசரமாக வந்த ஆலோசகர் இங்கே என்ன சொல்வார்? "50,000 ரூபா கடன் எடுத்துச் சொந்தமாக அரைக்கும் இயந்திரம் வாங்குங்கள், அரைக்கும் கூலி மிச்சம்" என்பார். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். எடுத்த முழுத் தொகைக்கும் வருடம் முழுவதும் 24 சதவீத வட்டி கணிக்கும் முறையில், ஓராண்டில் கட்ட வேண்டியது 62,000 ரூபா. 52 கிழமைகளுக்குப் பிரித்தால் கிழமைத் தவணை ஏறக்குறைய 1,192 ரூபா. மிச்சமாகப் போவதோ 800 ரூபா. அதிலும் மின்சாரக் கட்டணம் கழியும். கிலோவுக்கு 80 ரூபா கூலி என்ற கணக்கில் கிழமைக்கு 15 கிலோவாவது அரைத்து விற்றால்தான் தவணைக்கே கட்டும். மேலதிக 5 கிலோவை வாங்க யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தோடு, கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழுத் தொகைக்கே கணிக்கப்படுவதால் உண்மையான வட்டி வீதம் சொல்லப்பட்டதைப்போல ஏறக்குறைய இரு மடங்காகிறது. இதனைக் கடன் எடுக்க முன்னர் அவருக்கு விளங்கப்படுத்துவது ஆலோசகரின் கடமை. நுண்கடன் எமது பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே முன்வர நேர்ந்தது.

இச்சகோதரிக்குக் கடனில்லாத ஆலோசனைகள் உண்டு. இருவர் மூவர் சேர்ந்து மொத்தமாக மிளகாய் வாங்கலாம். நான்கு கடைகளுக்கு நான்கு முறை பஸ் ஏறாமல் ஒரே நாளில் கொடுக்கலாம். கடனுக்குக் கொடுத்த பொதிகளை ஒரு கொப்பியில் எழுதலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்தால் பெரிய கடைகளின் கதவைத் தட்டலாம். கேட்கப் பெரிதாகத் தெரியாத இவை ஒவ்வொன்றும் அவரது கையில் சில நூறு ரூபாவை மிச்சம் வைக்கும்.

திரும்பிய பின்னர்

அன்றன்று இரவே குறிப்புகளை எழுதிவிடுங்கள். அறிக்கையில் பெண்களின் பெயரையும் கடன் விபரத்தையும் அடையாளம் தெரியும்படி எழுத வேண்டாம். நிறுவனம் விரும்பும் முடிவு ஒன்றாகவும் நீங்கள் கண்டது வேறாகவும் இருந்தால் கண்டதையே எழுதுங்கள். "இக்கிராமத்துக்கு இயந்திரம் பொருந்தாது" என்று எழுதினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காதோ என்ற பயம் வரும். நியாயமான பயம்தான். ஆனால் பொருந்தாத இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்கும் வீட்டுக்கு மறு வருடம் போகவும் முகம் வேண்டுமே.

ஒரு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். சொன்னதைச் செய்தாரா என்று விசாரிக்காமல், சொன்னது உதவியதா என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் அடுத்த ஊருக்கு நீங்கள் கொண்டுபோகும் படிப்பு.