நைஜீரியாவின் காராமணி

நைஜீரியாவில் ஏழை ஜனங்களுக்கு இறைச்சியின் ஸ்தானத்திலிருந்து உடலுரம் தருவது காராமணிப் பயறு. உலகில் வேறெந்த நாடும் அவ்வளவு காராமணி விளைவிப்பதில்லை. ஆயினும் பூவையும் காயையும் துளைத்துத் தின்னும் ஒரு புழு, கடுமையாகப் பரவினால், விளைவில் நூற்றுக்கு எண்பது பாகம் வரை நாசஞ் செய்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக 2019-ம் வருஷம் டிஸம்பரில் அந்நாட்டுச் சர்க்கார் 'ஸாம்பீ 20-டி' என்னும் புதிய விதையை அங்கீகரித்தனர். 2021-ல் அது விவசாயிகள் கைக்கு வந்தது. இதைக் குறித்து அங்கு எழுந்துள்ள விவாதம் நம்மவரும் கவனிக்கத் தக்கது.

செய்யப்பட்டது யாது? செடிகளில் கழலை உண்டாக்கும் ஒரு மண்கிருமியை 1907-ல் அறிஞர் கண்டறிந்தனர். அக்ரோபாக்டீரியம் என்று இன்று வழங்கும் அக்கிருமி, தன் மரபுப் பொருளில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திவிடுகிறது என்பது 1977-ல் நிரூபணமாயிற்று. நோய் விளைக்கும் பாகத்தை நீக்கி, நாம் வேண்டும் குணத்தைத் தரும் மரபணுவை அவ்விடத்தில் வைத்தால், கிருமி அதையும் சுமந்து சென்று சேர்க்கும். 1983-ல் புகையிலையில் இது பலித்தது. பயறு வகைகளோ எளிதில் வசப்படவில்லை. கிருமி புகுந்த உயிரணுவிலிருந்து முழுச்செடியை எழுப்புவது அவற்றில் மிகக் கடினம். ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரத்துச் சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ஹிக்கின்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் காராமணிக்கு வழிகண்டு 2006-ல் வெளியிட்டனர். வேறொரு மண்கிருமியின் மரபணுவை, புழுவைக் கொல்லும் புரதம் உண்டாகும்பொருட்டு, அவர்கள் புகுத்தினர். 2009 முதல் ஸாரியா நகரத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் அதை வயலில் சோதித்தனர்.

சாஸ்திரத்தை நாம் குறை கூறவில்லை. மருந்து தெளிப்பது குறைந்தால் குடியானவனுக்குப் பணமும் தேக சுகமும் மிச்சம். காராமணி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. விதையை எடுத்து வைத்து மறுவருஷமும் விதைக்கலாம். ஆகவே, இதை அடியோடு தடுக்க வேண்டும் என்போருடன் நாம் உடன்படவில்லை. கேள்வி கேட்பதே மூடநம்பிக்கை என்போருடனும் உடன்படவில்லை.

நமது கேள்வி ஒன்றே: திறவுகோல் யாரிடம் இருக்கிறது? அம்மரபணு அமெரிக்காவின் மான்ஸாண்டோ கம்பெனியாரின் சொத்து. ராயல்டி வாங்காமல் அதை ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு அளித்தனர், நல்ல காரியமே. ஆனால் 2018-ல் அக்கம்பெனியை ஜெர்மனியின் பேயர் கம்பெனியார் விலைக்கு வாங்கிவிட்டனர். இத்திட்டத்துக்குப் பொருளுதவி செய்துவந்த அமெரிக்க வெளிநாட்டு உதவி ஸ்தாபனமோ 2025-ல் மூடப்பட்டது. புழுவோ ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரே விஷத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றால் அதைத் தாங்கும் சக்தி பெற்றுவிடும். அன்று இரண்டாவது மரபணு வேண்டியிருக்கும். மீண்டும் பொருள், மீண்டும் அனுமதி, மீண்டும் பிறர் தயவு!

இந்தியாவுக்கும் இதில் பாடமுண்டு. அஸ்ஸாம் விவசாய சர்வகலாசாலையார் அதே கான்பரா ஸ்தாபனத்துடன் கூடிக் கொண்டைக்கடலையில் இவ்வகை ஆராய்ச்சி செய்திருக்கின்றனர். அது குடியானவர் வயலை எட்டவில்லை. என்றாவது எட்டுமாயின், நாமும் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நைஜீரியா சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. பரிசோதனை முடிவுகள் யாவற்றையும் ஜனங்கள் படித்தறியுமாறு வெளியிட வேண்டும். விதை சோதிக்கும் செலவைத் தம் வரவு செலவுத் திட்டத்திலேயே ஏற்க வேண்டும். கிருமியைக் கொண்டு பயிரை மாற்றும் தொழிலைத் தம் வாலிபர்களுக்குத் தம் சர்வகலாசாலைகளிலேயே கற்பிக்க வேண்டும். தானமாக வந்த விதை ஒரு போகத்துக்கு உதவும். அதை ஆக்கும் அறிவு கைவந்தாலன்றி ஒரு தேசத்தின் உணவு அதன் வசத்தில் இராது என்பது நமது திடமான அபிப்பிராயம்.