புதிய செவிலியரின் படிப்பு டியூட்டி நேரத்தில் சேர வேண்டும்

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்று ஆண்டு டிப்ளமோவோ முடித்துப் பதிவு எண் பெற்றவர் சட்டப்படி முழுச் செவிலியர்தான். ஆனால் வார்டு கேட்கும் அறிவு முழுவதும் அந்தச் சான்றிதழுக்குள் இருப்பதில்லை. நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் வருகிறது. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் அளந்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு ஏறிவிடும். இது பாடத்தில் இருக்கிறது. ஆனால், முப்பது படுக்கைகளுக்கு நடுவே நைட் டியூட்டியில் லேபிளைப் படித்துவிட்டுத்தான் கை நகர வேண்டும் என்ற பழக்கம் தேர்வுத்தாளில் வருவதில்லை. படித்ததும் அப்படியே நிற்பதில்லை. மூச்சுப்பாதையை முதலில் பார் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த உயிர்மீட்பு முறை, 2010இல் மார்பை அழுத்துவதிலிருந்து தொடங்கு என்று மாறியது. அதற்கு முன் படித்து முடித்தவர்கள் எல்லாரும் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருப்பதை எங்கள் சங்கம் வரவேற்கிறது. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 30 மணி நேரம். எட்டு மணி நேர டியூட்டியில் நான்கு நாள்கூட நிறையாது. இந்தச் சின்னப் பங்கையும் செவிலியரின் வார விடுமுறையிலிருந்தும் சொந்தப் பணத்திலிருந்தும் எடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பின்வரிசையில் தூங்கி வழிந்து வாங்கும் சான்றிதழால் மணிக்கணக்கு நிறையும், வார்டில் எதுவும் மாறாது. கற்றல் மருத்துவமனையின் வேலை. அது ரோஸ்டரில் இருக்க வேண்டும்.

ஆளே போதாதபோது வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. பற்றாக்குறை உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழு 2014இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் உயர்ந்தால் அது 7 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கையோடு படிப்பும் உயிர் காக்கிறது. ஆகவே ஆள் குறைவு என்பது கூடுதல் ஆள் கேட்பதற்குக் காரணம், இருப்பவரைக் கற்காமல் வைத்திருப்பதற்கு அல்ல. கற்றுக்கொடுத்தால் வெளிநாடு போய்விடுவார்கள் என்பது அடுத்த கவலை. சிலர் போவார்கள்தான். கற்காதவர் இங்கேயே இருந்து இரவில் தனியாக வார்டைப் பார்ப்பது அதைவிடப் பெரிய கவலை இல்லையா?

பார்த்துப் பார்த்தே நாங்கள் கற்றோம் என்கிற மூத்த சிஸ்டர்களின் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆனால் பார்த்துக் கற்பவர் குறுக்குவழியையும் சேர்த்தே கற்கிறார். அதோடு, இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி, நோயாளியின் இப்போதைய நிலை, முன்கதை, தன் கணிப்பு, தனக்கு வேண்டிய உத்தரவு என்று வரிசையாகச் சொல்லும் துணிவு பார்த்தால் மட்டும் வந்துவிடாது. திட்டு வாங்கினாலும் மறுபடி அழைக்கும் மனத்திடம் பழக்கினால்தான் வரும். ஆளுமை வளர்ச்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான், மேடைப்பேச்சு வகுப்பை அல்ல.

ஆகவே முதல் ஆறு மாதம் புதியவரைத் தனியாக நைட் டியூட்டியில் விடாதீர்கள். அவருக்குக் கற்றுத்தரும் மூத்த செவிலியருக்கு அந்த ஷிஃப்டில் நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள். அடுத்த மாத ரோஸ்டர் போட உட்காரும் நர்சிங் சூப்பிரண்டுகள், அதில் இரண்டரை மணி நேரத்தைப் படிப்புக்கென்று எழுதிவிடுங்கள்.