டல்லாஸ் கைவிட்ட ஆண்டுகள்

2025 பிப்ரவரி 1 நள்ளிரவில் டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது. யார் பெரிய ஆட்டக்காரர் என்ற வாதம் அன்றே கிளம்பிவிட்டது. பார்க்க வேண்டியிருந்தது இருவரின் வயதை. டோன்சிச்சுக்கு அப்போது 25, டேவிஸுக்கு 31. முந்தைய ஆண்டுதான் டோன்சிச் டல்லாஸை என்பிஏ இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோயிருந்தார். டேவிஸோடு மேக்ஸ் கிறிஸ்டி என்ற ஆட்டக்காரரும் 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் வந்தாலும், அந்த ஆறு வருட இடைவெளியை அவை ஈடுகட்டவில்லை. அதுவும், ஒரே மேற்குப் பிரிவில் ஆண்டுதோறும் மோத வேண்டிய அணிக்கே அந்த வருடங்களைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

டல்லாஸின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் சொன்ன காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. கோப்பையை வெல்வது தடுப்பாட்டமே என்றார் அவர். டோன்சிச்சின் உடற்தகுதி பற்றிய கவலையும், கோடைக்காலத்தில் அவருக்குத் தர வேண்டியிருந்த சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தமும் உண்மையானவை. டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் 26 புள்ளி, 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்தார். ஆனால் அதே ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் தொடையிடுக்குத் தசையில் அடிபட்டு, பல வாரங்கள் வெளியே உட்கார்ந்தார். காயம் எவருக்கும் வரும். ஆனால் 31 வயதில், ஏற்கெனவே பலமுறை காயப்பட்ட உடலை நம்பி உடனே கோப்பை வேண்டும் என்று இறங்கும் அணிக்கு, இழந்த ஒவ்வொரு வாரமும் பெரிய நஷ்டம்.

அப்படியானால் லேக்கர்ஸ் ஏன் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றது? நியாயமான கேள்விதான். டேவிஸ் போனதும் கூடைக்குக் கீழே ஆளில்லை; சென்டர் மார்க் வில்லியம்ஸை வாங்கும் முயற்சியும் மருத்துவப் பரிசோதனையோடு நின்றுபோனது. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்து அந்த வெற்றிடத்தை அப்பட்டமாகக் காட்டினார். ஆனால் சென்டர் இல்லாத குறையை ஒரு கோடையில் சரிசெய்யலாம். ஜூலையில் டிஆண்ட்ரே ஏட்டனை லேக்கர்ஸ் சேர்த்துக்கொண்டது. 25 வயது டோன்சிச்சோ எந்தச் சந்தையிலும் கிடைக்கமாட்டார். ஆகஸ்டில் அவர் லேக்கர்ஸோடு ஒப்பந்தத்தையும் நீட்டித்துக்கொண்டார்.

டல்லாஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்ததுதான் டல்லாஸை வீழ்த்தியது என்பார்கள். அது உண்மையில் பாதி. இர்விங்குக்கு 32, டேவிஸுக்கு 31 என்று அணியை அமைத்தபோதே மாற்று வழி அடைபட்டுவிட்டது. 39-43 என்ற கணக்கோடு பிளேஆஃப் வாய்ப்பும் போனது. பிறகு 1.8 சதவீத வாய்ப்பே இருந்த வீரர் தேர்வுக் குலுக்கலில் ஜெயித்து இளம் வீரர் கூப்பர் ஃபிளாக்கைப் பெற்றது அதிர்ஷ்டம். அதைப் பரிமாற்றத்தின் வரவில் எழுத முடியாது. அதே ஆண்டு நவம்பரில் ஹாரிசனை டல்லாஸ் நிர்வாகமே பதவிநீக்கம் செய்தது.