பிசிறில்லாத விளிம்பு



திருவருகைக் காலம் நெருங்கிவிட்டால் நம் வீட்டு மேசைகளில் வண்ணத்தாளும் பசையும் கத்தரியும் இடம்பிடித்துக் கொள்கின்றன. குடிலுக்கு விண்மீன், வாசலுக்குத் தோரணம், உறவினருக்கு வாழ்த்து அட்டை என்று சிறுவர் முதல் பாட்டிமார் வரை அனைவர்க்கும் வேலை உண்டு. இவ்வேலையில் முக்கால் பங்கு வெட்டுவதே. ஆகவே இம்மாதம் தாள் வெட்டுவதைப் பற்றி எழுதுகிறேன். ஆன்ம காரியங்களை விட்டுவிட்டுச் சாமியார் தாள் வெட்டப் போய்விட்டாரே என்று எவரும் எண்ணற்க. சென்ற ஆண்டு நான் செய்த தவறொன்று இதனோடு சேர்ந்திருக்கிறது.

எங்கள் பங்கில் ஒரு கைம்பெண்ணின் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் செப்பனிடும் செலவுக்காகத் தாள் விண்மீன்கள் செய்து, ஞாயிறு திருப்பலிக்குப்பின் விற்பதென்று இளையோர் முடிவு செய்தனர். அவர்கள் தேர்ந்துகொண்டது ஜெர்மானியக் குடும்பங்கள் கிறிஸ்து பிறப்பு மரத்தில் தொங்கவிடும் விண்மீன். 1837-இல் மழலையர் பள்ளியைத் தோற்றுவித்த பிரெடெரிக் புரோபெலின் பெயரால் அது வழங்குகிறது. அவரும் ஒரு போதகரின் மகனே. நான்கே நான்கு தாள் பட்டைகள். பசையின்றி, ஒன்றனுள் ஒன்றைக் கோத்து மடித்தால், எட்டுத் தட்டை முனைகளும் எட்டுக் கூம்பு முனைகளும் கொண்ட விண்மீன் எழுந்து நிற்கும். பட்டையின் நீளம் அகலத்தைப்போல் இருபத்தைந்து முதல் முப்பது மடங்கு இருக்கவேண்டும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், எனவே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் கணக்குச் சரியாகும். ஒரு தாளில் இருபத்தொரு பட்டைகள், அதாவது ஐந்து விண்மீன்கள். ஒரு பட்டை மிச்சம்.

அகலம் இம்மி கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. ஆனால் நான்கும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். ஒன்று சற்றே அகன்றிருந்தால் மற்றதன் மடிப்புக்குள் நுழைய மறுக்கும். பிசிறு இருந்தாலோ பாதி வழியில் சிக்கிக் கிழியும். கத்தரியால் இதைச் சாதிப்பது அரிது. பாடல் தாள்களைச் சீராக்குவதற்காகப் பங்கு இல்லத்தில் வாங்கி வைத்திருந்த வெட்டும் கருவியை எடுத்துக் கொடுத்தேன். கடைகளில் இதை ரோட்டரி டிரிம்மர் என்பார்கள். பலகையின்மேல் ஒரு தண்டவாளம், அதில் ஓடும் சிறு கைப்பிடி, அதனுள் காசு போன்ற வட்டக் கத்தி: இவ்வளவே. வெட்டும் பொறுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தோம்.

முதலிரு நாள் எல்லாம் நன்றாயிருந்தது. மூன்றாம் நாள் பட்டைகள் பிசிறத் தொடங்கின. ஒரு கட்டு வண்ணத்தாள் வீணாயிற்று. அன்று எனக்கு வேறு சில அலுப்புகளும் இருந்தன. எல்லார் முன்னிலையிலும், "கையில் கவனமில்லாதவர்களிடம் இதைக் கொடுத்தது என் பிழை" என்று சொல்லிவிட்டேன். அப்பெண் பதில் சொல்லவில்லை. மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை.

மறுநாள் மாலை நானே வெட்ட உட்கார்ந்தேன். எனக்கும் பிசிறியது! என் கையிலும் கவனமில்லையோ என்று ஐயுற்று, வெட்டிய ஐந்தாறு தாள்களை அடுக்கிப் பார்த்தேன். எல்லாத் தாள்களிலும் பிசிறு ஒரே இடத்தில், நடுவிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தது. கை நடுக்கம் நாள்தோறும் ஒரே இடத்தில் வருமா?

இக்கருவிகளில் இரு வகை உண்டு. விலை மிகுந்தவற்றில் வட்டக் கத்தி, பலகையோரத்தில் பொருத்திய எஃகு விளிம்பை உரசிக்கொண்டே, கத்தரியின் இரு அலகுகளைப்போல் வெட்டும். நம் போன்றோர் வாங்கும் மலிவான வகையில், கத்திக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை பதிந்திருக்கும். கத்தி தாளை அதன்மேல் அழுத்தி வெட்டும். நாள்பட நாள்பட அப்பட்டையில் பள்ளம் விழுகிறது. பள்ளம் அகன்ற இடத்தில் தாளுக்குத் தாங்கல் இல்லை. அது வெட்டுப்படாமல் பள்ளத்துக்குள் அமுங்கி நார்நாராய்க் கிழிகிறது; சக்கரமும் சிறிது விலகி ஓடுகிறது. கருவியைக் கவிழ்த்து அப்பட்டையை உருவிப் பார்த்தேன். பாடல் தாள்களை அகலவாட்டில் வெட்டி வெட்டி நானே உண்டாக்கிய பள்ளம் அது.

வட்டக் கத்தியில் பல் விழுந்திருந்தால் குறி வேறு விதமாக இருக்கும். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள கத்தி ஒருமுறை உருள 88 மில்லிமீட்டர் ஆகிறது; 45 மில்லிமீட்டர் கத்திக்கு 141. வெட்டுப்படாத புள்ளி இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கத்தியை மாற்றுங்கள். நெடுகிலும் பிசிறினால் கத்தி மழுங்கிவிட்டது. எப்போதும் ஒரே இடத்தில் பிசிறினால் பட்டையைப் பாருங்கள்; பல கருவிகளில் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். வெட்டுகிறவரைக் குறை சொல்வதற்குமுன் செய்யவேண்டிய சோதனை இது. இரண்டு நிமிடம் போதும்.

கத்தியை உருளவிட்டு வெட்டும் எண்ணம் எங்கிருந்து பரவியது என்பதும் சுவையான செய்தி. ஜப்பானின் ஒசாகா நகரில் அச்சகத்தில் பணியாற்றிய யோஷியோ ஒகாடா என்பவர், மழுங்கிய பிளேடுகளால் தாள் வெட்டி அலுத்து, 1956-இல் நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கத்தியை உருவாக்கினார். செருப்புத் தைப்போர் கண்ணாடிச் சில்லை உடைத்துப் புதுமுனை பெறுவதும், ஒடித்துத் தின்னும் சாக்லெட் கட்டியுமே அவருக்கு வழிகாட்டின. அவர் தொடங்கிய ஓல்ஃபா நிறுவனந்தான் 1979-இல் கையில் பிடித்து உருட்டும் வட்டக் கத்தியைத் துணி வெட்டுவோர்க்காக வெளியிட்டது. இழுத்து வெட்டும் கத்தி தாளின் நாரை முன்னே தள்ளிச் சுருட்டும். உருளும் கத்தியோ மேலிருந்து அழுத்திச் செல்வதால் தாள் நகர்வதில்லை. ஆகவே வன்மையாய் அழுத்தத் தேவையில்லை. சீரான அழுத்தத்தில் ஒரே திசையில் ஓட்டினால் போதும். முன்னும் பின்னும் அறுக்கலாகாது. கனத்த அட்டையானால் மெல்ல இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

பட்டைகள் ஒரே அளவாய் அமைய, ஒவ்வொன்றுக்கும் அளவுகோலைப் பார்த்துத் தாளை நகர்த்தாதீர்கள். மயிரிழைப் பிழைகள் ஒவ்வொரு பட்டையிலும் வேறுவேறாய்ப் புகுந்துவிடும். வெட்டுக்கோட்டுக்கு அப்பால் சரியாக ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு கனத்த அட்டைத் துண்டை ஒட்டுநாடாவால் நிலையாக ஒட்டிவிடுங்கள். தாளின் விளிம்பு அதைத் தொடும்வரை தள்ளி, அழுத்துப்பட்டையை இறக்கி வெட்டினால் எல்லாம் உடன்பிறப்புகளாய் வரும். இரண்டு மூன்று தாள்களுக்குமேல் அடுக்க வேண்டாம்.

தாளுக்கும் குணமுண்டு. அதை மடிக்காமல் இருபுறமும் வளைத்துப் பாருங்கள். எப்பக்கம் எளிதாய் வளைகிறதோ அவ்வாட்டத்திலேயே நார் ஓடுகிறது. பட்டையின் நீளத்தோடு நார் ஓடினால் இழுக்கும்போது எளிதில் அறாது. நமக்கோ விண்மீன் செய்யும் நாள்களே வடகிழக்குப் பருவமழை நாள்களாயும் அமைகின்றன. ஈரங்குடித்த தாள் துவண்டு, கூரிய கத்திக்குங்கூடப் பிசிறும். கட்டைப் பிரித்ததும் மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தட்டையாக வையுங்கள். மெல்லிய பட்டுத்தாளை இரண்டு சாதாரணத் தாள்களுக்கிடையே வைத்து வெட்டலாம். மினுக்குத்தூள் ஒட்டிய தாள் கத்தியின் கூரை விரைவில் தின்றுவிடும். அதற்கென்று பழைய கத்தி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

சிறு பிள்ளைகளைக் கருவியோடு தனியே விடாதீர்கள். கழற்றிய கத்தியை அட்டையில் பொதிந்து, பழைய தகர டப்பாவில் அடைத்தபிறகே குப்பையில் சேருங்கள். அதைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளர்களும் நம்மவர்தாம்.

பட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டிய முதல் தாளை எடுத்துக்கொண்டு அன்றிரவே அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்றேன். தாயார் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். "வாங்க சாமி" என்று எழுந்தவர், நான் வந்த காரியத்தைக் கேட்டபின், "கத்தரியோடவே வளர்ந்த பிள்ளை சாமி அது. கவனமில்லைன்னு நீங்க சொன்னதுதான் தாங்கல" என்றார். பழுதுபட்டது கருவி, பராமரிக்காதவன் நான் என்று அப்பெண்ணிடம் கூறி மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்பாகவும் சொன்னதை எல்லார் முன்பாகவும் திரும்பப் பெறுவேன் என்றும் சொன்னேன். அந்த ஞாயிறன்று திருப்பலிக்குப்பின் அப்படியே செய்தேன்.

அவள் தாளை வாங்கி, விளக்கடியில் பிடித்து, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்தப் பக்கமும் ரெண்டு வாரந்தான் தாங்கும் சாமி. புதுப் பட்டை ரெண்டு வாங்கி வச்சிடுங்க. நாளைக்கு வர்றேன்."