அடியாத மாடு படியாதாம்!

"அடி வாங்குனாத்தான்டா பயம் போகும்."

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு தகரக் கொட்டகை பாக்சிங் ஜிம். நான் சேர்ந்த மூணாவது வாரம் மாஸ்டர் அருளிய வேதவாக்கு இது. சொல்லிட்டு, என்னைவிட 12 கிலோ கூடுதலா இருந்த ஒரு சீனியரோட ரிங்குக்குள்ள தள்ளிவிட்டார். பகல் பூரா எலக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டி, அத்திப்பள்ளி டிராபிக்ல வெந்து வந்த உடம்பு. முதல் குத்து மூக்குல. ரெண்டாவது எங்கன்னு தெரியாது. கண்ணை மூடிட்டேன் :-(

பயம் போச்சா? ம்ஹூம். அடுத்த ரெண்டு மாசம் எதிர்ல நிக்கிறவன் தோள் அசைஞ்சாலே கண்ணு தானா மூடும், மூச்சு நிக்கும், தாடை மேல தூக்கிக்கும். அதாவது, நல்லா குத்து வாங்குறதுக்கு என்னென்ன வசதி வேணுமோ அத்தனையும் நானே செஞ்சு கொடுத்தேன். மாஸ்டர் ஒரே நாள்ல எனக்குப் பயத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். தைரியத்தை இல்லை.

நம்மாளுங்களுக்கு இந்த வியாதி பழசு மக்கா. அடியாத மாடு படியாது. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். பள்ளிக்கூடத்துல பிரம்பு, வீட்டுல பெல்ட், ஜிம்முல சீனியர். 2009 கல்விச் சட்டத்துல பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு எழுதியாச்சு. மனசுல இன்னும் எழுதலை. படியிற மாட்டுக்கு வேணா அடி சரியா இருக்கலாம். ரிங்குல நிக்கிறவன் படியக் கூடாது, யோசிக்கணும்.

கொஞ்சம் டெக்னிக்கலா பாப்போம். முகத்தை நோக்கி எதாவது வந்தா கண் மூடுறது கோழைத்தனம் இல்லை, அது உடம்போட அனிச்சை. பாக்சிங்ல ரொம்ப ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாம வர்ற குத்துதான். வர்றது தெரிஞ்சா கழுத்து இறுகும், தலை கொஞ்சமாவது விலகும். தெரியலைன்னா மொத்த அதிர்ச்சியும் மூளைக்கு. ஆக, புதுசா வந்தவன் கத்துக்க வேண்டிய முதல் பாடம் கண்ணைத் திறந்து வைக்கிறது. பேய்க்குத்து குத்துனா அதைக் கத்துக்க முடியுமா? நீச்சல் தெரியாதவனைக் கிணத்துல தள்ளுற கதைதான். பத்துல ரெண்டு பேர் கரையேறி "நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்"னு மீசையை முறுக்குவான். மீதிப் பேர் தண்ணி பக்கமே வர மாட்டான். அவனுங்க கதையை யாரும் கேக்குறதில்லை.

என்னைத் தேத்துனது ஆனேக்கல்ல இருந்து வர்ற ஒரு கன்னடக்கார நண்பன். "ஹெதரபேடா குரு"ன்னு சொல்லிட்டு, 16 அவுன்ஸ் கிளவுஸை என் நெத்தியில சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தான். கண்ணைத் திறந்து மூச்சு விடு, அவ்வளவுதான் வேலை. அடுத்த வாரம் ஜாப் மட்டும், அதுவும் தோள்ல. அப்புறம் முகத்துக்கு, பூப்போல. அப்புறம் நான் தட்டிவிடணும், அப்புறம் திருப்பிக் கொடுக்கணும். முதல்ல வேகத்தைக் கூட்டினான், பலத்தைக் கடைசியாத்தான். எவ்வளவு பலம்னு முடிவு பண்றது நான், அவன் இல்லை. ஆறே வாரம். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொன்னதும் நம்ம பாட்டிதானே? அம்மியை ஒரே போடா உடைக்கச் சொல்லலையே!

இப்ப என் பாவக்கதை. ஒரு வருஷம் கழிச்சு நானும் சீனியர் ஆனேன். கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ஒரு பையன், 19 வயசு, காண்ட்ராக்ட் வேலை. மாஸ்டர் அதே வேதவாக்கை ஓதினார். நானும் அதே குத்தைக் குத்தினேன். பொய் சொல்லலை, நல்லாத்தான் இருந்துச்சு. பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காந்தான். "தலை சுத்துது அண்ணா, பரவாயில்லை"ன்னு சிரிச்சான். அப்புறம்தான் சொன்னான், ராத்திரி ஷிப்டாம். பிரஸ் மிஷினாம்.

மண்டையில அடிபட்டு தலை சுத்துறவன் பிரஸ் மிஷின் முன்னாடி நிக்கிறதை நெனச்சுப் பாருங்க. அன்னிக்கு லீவு போட வச்சு, பைக்ல கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டி, ரூம்ல விட்டுட்டு வந்தேன். ஒண்ணும் ஆகலை. ஆனா பையன் திரும்ப ஜிம்முக்கு வரவே இல்லை. "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒருத்தன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

தொடர்ந்து அடி வாங்குன பாக்சர்களோட மூளை கெடுதுன்னு மார்ட்லண்ட்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதுனது 1928ல. "அதான் ஹெட்கார்டு இருக்கே"ம்பீங்க. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள்ள மூளை குலுங்குறதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆம்பளைங்க ஹெட்கார்டு இல்லாமத்தான் ஆடுனாங்க. பக்கத்து பெங்களூருல 2022 ஜூலையில ஒரு கிக்பாக்சிங் போட்டியில அடிபட்டு விழுந்த 23 வயசு வீரர் உயிரே போச்சு. போட்டிக்கே இந்தக் கதின்னா, டாக்டரும் இல்லாம ரெஃப்ரியும் இல்லாம நடக்குற ஜிம் ஸ்பாரிங்குக்கு என்ன உத்தரவாதம்?

"போட்டியில எவனும் பூப்போல குத்த மாட்டான் தம்பி"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. போட்டிக்குப் போறவன் பலமான ஸ்பாரிங்கும் பண்ணியாகணும். ஆனா அது கடைசிப் படி, முதல் படி இல்லை. தெரிஞ்சு, சம்மதிச்சு, எடைக்கு எடை பார்த்து, எண்ணி நாலு தடவை. வருஷம் பூரா சண்டை போடுற தாய்லாந்துக்காரனே ஜிம்முல விளையாட்டா தட்டிக்கிறான். சிப்காட் ஷிப்டு முடிச்சு வர்றவனுக்கு மட்டும் என்ன அவசரம்?

2021ல 'சார்பட்டா பரம்பரை' வந்தப்போ நாம எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுனது யாரை? டான்சிங் ரோஸை. அடி தாங்குனதுக்கா? குத்து மேல படாம வழுக்கிக்கிட்டுப் போன அழகுக்கு. படத்துல அதுக்கு விசில் அடிச்சிட்டு, ஜிம்முல புதுப்பையன் அடி தாங்கணும்னு நிக்கிறது என்ன நியாயம்?

எனக்கு இன்னும் பயம் இருக்கு. ஆனா இப்ப கண்ணைத் திறந்துக்கிட்டு பயப்படுறேன். அது போதும்.

அந்தத் தம்பியைத் தேடிப்போய் மன்னிப்பு கேட்டேன். "விடுங்கண்ணா"ன்னான். நெத்தியில இருந்து ஆரம்பிக்கலாம், வாடான்னு கூப்பிட்டிருக்கேன். வந்தா, பலத்தை அவன் முடிவு பண்ணுவான்.

டிஸ்கி: ஸ்பாரிங்குக்கு அப்புறம் தலைவலி, வாந்தி, மயக்கம்னு எது வந்தாலும் அன்னிக்கு ரிங்கும் வேண்டாம், மிஷினும் வேண்டாம், பைக்கும் வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட போங்க. மாஸ்டர்கிட்ட இல்லை.