வாங்கியவன் மட்டும்தான் குற்றவாளியா?



எடையில் குறை வைக்கும் கடைக்காரரை ஊர் சும்மா விடுமா? அபராதம், அவமானம், கடைக்கே பூட்டு! ஆனால் நாட்டின் தராசான பாராளுமன்றத்தில் எடை குறைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா?

1993 ஜூலை 28. நரசிம்மராவ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 251, எதிர்ப்பு 265. பதினான்கே வாக்குகளில் ஆட்சி தப்பியது. அரசைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் உள்ளிட்டோர் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு வந்தது.

1998ல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? லஞ்சம் வாங்கி வாக்களித்த எம்.பி.க்களை அரசியல் சட்டத்தின் 105வது பிரிவு பாதுகாக்கிறதாம்! ஐந்து நீதிபதிகளில் மூவர் அளித்த தீர்ப்பு இது. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒருவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லையாம்! வாங்கிய காசுக்கு வேலை செய்தவர் தப்பினார், செய்யாதவர் மாட்டினார். இது எந்த ஊர் நியாயம்?

இந்த ஓட்டையை அடைக்க 26 ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அத்தீர்ப்பை ரத்து செய்தார்கள். கை நீட்டி வாங்கிய அந்த நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது. பிறகு எப்படி வாக்களித்தார் என்பது கேள்வியே அல்ல என்றார்கள்.

மனமிருந்தால் சபையே தன்னைச் சுத்தம் செய்து கொள்ள முடியும். 1951ல் பம்பாய் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் காசு வாங்கிக் கொண்டு அவர்களுக்காகச் செயல்பட்ட முட்கல் என்ற உறுப்பினரை நீக்கத் தீர்மானம் கொண்டு வந்தவர் பிரதமர் நேரு. முட்கல் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்! 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது கேமராவில் பதிவானதால் 11 எம்.பி.க்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். பல கட்சியினரும் அதில் இருந்தார்கள்.

வியாபாரச் சகோதரர்களே! முட்கலுக்குக் காசு கொடுத்தது யார்? நம்மைப் போன்ற வியாபாரிகள்தானே! 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளியே. மிரட்டி வாங்கினால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்யுங்கள், சட்டம் உங்களைக் காக்கும். 'காரியம் நடந்தால் போதும்' என்று வாய்மூடிக் கிடந்தால் காக்காது.

இளைஞர்களே! 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே.நகர், 2019ல் வேலூர். பணப் பட்டுவாடாவால் தேர்தலே நிறுத்தப்பட்ட தொகுதிகள் இவை. ஓட்டுக்கு நோட்டு வாங்கிய கை, சபையில் விலைபோனவரை நோக்கி விரல் நீட்ட முடியுமா? காசு கொடுத்து ஓட்டை வாங்கியவர் முதலில் போட்ட முதலைத்தானே எடுப்பார்!

'நம்ம ஆள், விட்டுவிடு' என்ற பேச்சும் வேண்டாம். நம்மவர் தவறினால் முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே. அடுத்தவரிடம் மட்டும் நியாயம் கேட்கும் சமுதாயத்தை யார் மதிப்பார்கள்?

வேட்பாளர் வீடு தேடி வரும்போது சால்வை போடாதீர்கள். அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். என்ன வழக்கு, எவ்வளவு சொத்து, ஐந்தாண்டில் எப்படி வளர்ந்தது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

தராசு நம் கையில். முதலில் அதை நேராகப் பிடிப்போம்!