புயல் எச்சரிக்கையும் உள்நாட்டு விவசாயிகளும்

கடல் வெகு தூரமாதலால் புயல் எச்சரிக்கை தமக்கன்று என மங்கலம்பேட்டைப் பகுதி விவசாயிகள் எண்ணுவது பெருந்தவறு. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கரை கடந்த ‘தானே’ புயல், கடலூர் ஜில்லாவின் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. நெல் நஷ்டம் அடுத்த போகத்தில் ஈடாகலாம். முந்திரிக்கோ பல வருஷங்கள் வேண்டும்.

2024 நவம்பர் 30-ந் தேதி வந்த ‘ஃபெஞ்சல்’ காற்றினும் மழையாலேயே மிகுதியாகக் கெடுத்தது. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் பெய்தது. ஆகவே வாரத்து வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டுமின்றி மழையளவையும் நோக்குதல் அவசியம். முற்றிய கதிரை உடனே அறுத்துவிடலாம். மேலுரத்தை நிறுத்தி வைக்கலாம். வடிகால்தான் சிக்கல். கீழ் வயற்காரர் வரப்பை வெட்ட மறுத்தால் மேல் வயல்களெல்லாம் அழுகும். அவ்வழக்கை, மழை தொடங்குமுன்பே கிராம அதிகாரிகள் நேரில் சென்று தீர்த்துவைக்க வேண்டும்.